அடம்பன் வழியாக

மன்னாரிலிருந்து கரையோர வீதியால் போனால் மத்தியானத்துக்கு முன் யாழ்ப்பாணம் சேர்ந்துவிடலாம் என்றுதான் ஜெனிற்றாவும் அவள் கணவன் டொமினிக்கும் காரில் புறப்பட்டார்கள். ஆனால் மழை விடவில்லை. விடத்தல்தீவுக்குக் கிட்ட வெள்ளம் வீதியை மூடியிருந்தது. திரும்பி வந்த லொறிக்காரர் ஒருவர், "அடம்பனால சுத்திப் போங்கோ" என்றார்.

ஜெனிற்றா தன் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பதினெட்டு வருடங்களாக அவள் அந்தப் பக்கம் போனதில்லை. சண்டைக்காலத்தில் அவளுடைய தம்பி நிக்சனை அடம்பனில்தான் யாரோ பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. தம்பி காணாமல் போனது டொமினிக்குக்குத் தெரியும். எந்த இடத்தில் என்று தெரியாது.

அடம்பன் கடைகளைத் தாண்டியதும் டொமினிக் காரை நிறுத்தி, கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டான். யாரும் ஏறவில்லை.

"ஆருக்கு நிப்பாட்டினனீங்கள்?"

"ஒரு இளந்தாரி கை காட்டினவன். நனையாமல் ஒரு ஃபைலைச் சேட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்டான். எங்க போனவன்?"

இரு பக்கமும் வெறும் வயல்தான். ஒதுங்க ஒரு மரமும் இல்லை.

காணாமல் போன அன்று, வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்ட நிக்சன் அப்படித்தான் ஃபைலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான். அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"கதவைச் சாத்தட்டோ?"

"பொறுங்கோ."

அவள் மழையில் இறங்கினாள். "தம்பி, நாங்கள் யாழ்ப்பாணம் போறம். வாறதெண்டால் ஏறு" என்று வயலைப் பார்த்துச் சொன்னாள். சற்று நேரம் நின்றுவிட்டுத் தானே கதவைச் சாத்தினாள். யாழ்ப்பாணம் சேரும்வரை பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.