யார் மகள்

“இன்னும் ஒரு வாய் தின்னு கண்ணு.”

“வேண்டாம்மா, நேரமாச்சு.”

காவேரி களியைத் தள்ளிவைத்து எழுந்தாள். இன்று மறுபரீட்சை. தேறினால் சேலத்து ஹாஸ்டல் பள்ளி. தவறினால் நாளை முதல் அம்மா மருதாயியோடு காப்பிப் பழம் பறிக்கப் போக வேண்டும்.

வீட்டில் தடையில்லாமல் வரும் கணக்கு பள்ளியில் வருவதில்லை. பரீட்சைக்கு முன் எஸ்டேட் பிள்ளைகள் எழுந்து பெற்றோரின் வேலையைச் சொல்வது அங்கே வழக்கம். பெஞ்சில் உட்காரும், வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பிறந்த சட்டைக்காரப் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை. “கூலிங்க” என்று காவேரி சொன்னதும், “கை ஓடும், தலை ஓடாது” என்று அங்கப்பன் வாத்தியார் சிரிப்பார். அதன்பின் சிலேட்டில் எண்கள் தெரியாது; பழச்சாறு கறுத்த தன் விரல்கள்தான் தெரியும்.

இன்று மருதாயியும் வேலைக்குப் போகாமல் கூடவே வந்து வாசலில் நின்றாள்.

“எந்திரி. அப்பன் ஆயி என்ன வேலை?” என்றார் அங்கப்பன்.

காவேரி எழுந்து விரல்களை மடக்கி மறைத்தாள்.

“நாஞ் சொல்றேனுங்க சாமி,” என்றாள் மருதாயி. “கூலிதானுங்க. போன தடவை கேட்டீங்களே, அதுக்குள்ள சமீன்தாராவா ஆயிட்டோம்? புள்ளையக் கணக்குப் போட வுடுங்க.”

வகுப்பு சிரித்தது. முதல்முறையாக அந்தச் சிரிப்பு காவேரியைப் பார்த்து அல்ல. பலப்பம் நகர்ந்தது.

பள்ளியை நடத்தும், எஸ்டேட் துரையின் மனைவி துரைசானி வந்து சிலேட்டை இரண்டுமுறை பார்த்தாள். எல்லாம் சரி. காவேரியின் மோவாயைப் பிடித்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“கூலிப் பிள்ளைக்கு இது வராது.” மருதாயியை அருகே அழைத்தாள். “நிஜம் சொல்லு. கோபம் இல்லை. இவள் அப்பா எந்தத் துரை?”

அங்கப்பன் தரையைப் பார்த்தார்.

மருதாயி நிமிர்ந்தாள். “எம் புருசன் சித்தனுங்க. உங்க குதிரை லாயத்துல சாணி அள்ளிக்கிட்டு இருக்கறாரு. கூட்டியாந்து நிறுத்தட்டுங்களா?”

துரைசானி நம்பாமல் புன்னகைத்தாள். “இந்தப் பிள்ளையை வீணாக்கக் கூடாது. ஹாஸ்டலுக்கு அனுப்புங்கள்” என்றாள் அங்கப்பனிடம்.

மூடுபனிக்குள் மருதாயி திரும்பிப் பாராமல் நடந்தாள். காவேரி ஓடிவந்து எட்டிப்பிடித்தாள்.

“ஏம்மா, கணக்கத் தப்பாப் போட்டிருந்தா எங்கப்பன் யாருன்னு கேட்டிருக்க மாட்டாங்கல்ல?”

மருதாயி நின்றாள்.

“சேலத்துலயும் கேப்பாங்க,” என்றாள். “அங்கயும் செரியாவே போடு.”