பச்சை டி-சர்ட்டும் கொல்ஷே மீன்களும்

பேஹாலாவில் சுபிமலின் மீன்தொட்டியில் மோட்டார் கிடையாது, மருந்து கிடையாது. மண், செடிகள், நத்தைகள், கொல்ஷே என்கிற சின்ன மீன்கள் ஒரு டஜன், அவ்வளவுதான். 'மோட்டார் வேண்டாம், மருந்து வேண்டாம், இயற்கை போதும்' என்று அவனுடைய பச்சை டி-சர்ட்டின் மார்பிலும் எழுதியிருந்தது. அச்சடிக்கக் கொடுத்தவனும் அவன்தான், வாங்கிய ஒரே ஆளும் அவன்தான். தினமும் காலையில் பூசாரி பட்டு உடுத்துவதுபோல அதை மாட்டிக்கொண்டுதான் தீனி போடுவான். மீன்கள் கண்ணாடியோரம் ஓடிவரும். இயற்கையாக வளரும் மீன், வளர்ப்பவனின் மனதை அறியும் என்று மீன் வளர்ப்போர் சங்கத்தில் அரைமணி நேரம் பேசியும் இருக்கிறான்.

சங்கத்தின் கண்காட்சியில் ஒரே ஒரு இயற்கைத் தொட்டிக்குத்தான் இடம். வருஷக்கணக்காக சுபிமல் அதற்கு ஏங்கிக்கொண்டிருந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, தலைவர் மனதோஷ்பாபு தொட்டியைப் பார்த்து முடிவுசொல்ல வந்திருந்தார். பெரியவர் வருகிறாரே என்று சுபிமல் கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவில் விறைப்பாக நின்றான்.

தொட்டியில் செடி தெரிந்தது. நத்தை தெரிந்தது. மீனைக் காணோம்.

"வரும் தாதா. என் மனசு அதுங்களுக்குத் தெரியும்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு சுபிமல் கண்ணாடியில் மூக்கை ஒட்டினான். செடிக்குள் ஒரு வால் அவசரமாக மறைந்தது.

மனதோஷ்பாபு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஏம்ப்பா, நீ மீன் வளக்குறியா, கீரை வளக்குறியா?"

"காலைல பூரா அதுங்ககிட்ட பேசிட்டிருந்தாரு. அலுத்துப் போயிருக்கும்" என்றாள் சமையலறையிலிருந்து மனைவி காஜரி.

அப்போது அவள் தம்பி டுட்டுல், கடைக்குப் போனவன், சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு உள்ளே வந்தான். முதல்நாள் மழையில் அவன் சட்டை நனைந்துவிட்டதால் கொடியில் கிடந்த பச்சை டி-சர்ட்டைக் கேட்காமல் மாட்டிக்கொண்டிருந்தான். மீன்கள் அத்தனையும் செடிகளைப் பிளந்துகொண்டு அவன் பக்கம் பாய்ந்தன.

"ஜாமாய்பாபு, இதுங்க ஏன் என்னை இப்படிப் பாக்குது? இந்த சைஸ் கெடச்சா எங்கம்மா மொறுமொறுன்னு வறுத்துடுவாங்க" என்றான் அக்கா புருஷனிடம்.

சுபிமலின் காதுகள் சூடாகின. "கழட்டுடா சட்டைய."

"இங்கயா? பெரியவங்க முன்னாடி?"

"கழட்டுடா!"

டுட்டுல் வெற்று மார்பில் டப்பாவை அணைத்துக்கொண்டு நின்றான். வியர்வையில் நனைந்திருந்த டி-சர்ட்டை சுபிமல் ஜிப்பாவுக்கு மேலேயே இழுத்து மாட்டினான். மீன்கள் டுட்டுலை அந்த நிமிஷமே மறந்து இவன் பக்கம் திரும்பின.

"பாத்தீங்களா தாதா? என்னைத் தெரியுது." சொல்லும்போது அவனுக்கே அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மனதோஷ்பாபு ஒரு சந்தேஷை நிதானமாக மென்று விழுங்கினார்.

"இந்தத் தொட்டிக்குத்தான் இடம். சட்டையையும் மறக்காம கொண்டு வா."

"நான், தாதா?"

"நீயும் வாப்பா. சட்டை தானா நிக்காதே."

தீனி இன்னும் விழவில்லையே என்று மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சுபிமலும்தான்.