வலது பக்கம் ஒடியாத ஜீப்

மூன்று மாதமாக என் நிம்மதியைத் தின்றது ஒரு ஜீப். அதுவும் என்னுடையது இல்லை, மனைவியுடையது. மலைமேல் இருக்கும் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். வண்டியின் அடியில் கல் தட்டுகிறது, ஒரு தகடு அடித்துக் கொடுங்கள் என்றுதான் கேட்டாள். நான் ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியை நான்கு அங்குலம் தூக்கி, பெரிய டயரும் போட்டேன். தகடு மட்டும் அடிக்கவில்லை.

தூக்கிய பிறகு, வண்டி நேராகப் போனால் ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றது. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டை நீட்டியிருக்க வேண்டும். அதன் திருகு துருப்பிடித்து அசைய மறுத்தது. எனக்கும் பொறுமை இல்லை. ஸ்டீயரிங் வீலையே கழற்றி, நேராக வைத்து மாட்டிவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுவாரமே அவள் ஆரம்பித்தாள். இடது பக்கம் நன்றாக ஒடிகிறதாம். வலது பக்கக் கொண்டை ஊசி வளைவில் பாதியிலேயே நின்றுவிடுகிறதாம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

ஒரு மாலை பம்பரின் இடது மூலையில் கீறலோடு வந்தாள். எங்கே, எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. கத்தித் தீர்த்துவிட்டு, நீலப் பெயின்ட்டை எடுத்து அடித்தேன்.

ஆனாலும் உள்ளுக்குள் உறுத்தல். டயர் உள்ளே உரசுகிறதோ என்று வேறு ரிம் மாட்டினேன். ஆட்டத்தை அடக்க டேம்பர் போட்டேன். தண்டையும் தடிமனாக மாற்றினேன். பழைய தண்டை டேப் வைத்து அளந்து, புதியதிலும் அதே நீளம் வைத்த புத்திசாலி நான். எங்கள் கேட் இடது பக்கம். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அந்தப் பக்கம் ஒடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அவள் ஒவ்வொரு மாலையும் தோள் வலியோடு வந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது, அவள்மேல்தான்.

சனிக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "திங்கக்கிழமை ஸ்கூல்லயே தங்க குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் குடுக்கப்போறேன். வாரக் கடைசியில வந்துட்டுப் போறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் மானத்தை விட்டு அவள் தம்பியின் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். அவளும் வந்தாள். மச்சினன் சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை சுற்றி எண்ணினான். இடது பக்கம் இரண்டேகால் சுற்று. வலது பக்கம் ஒன்றரைதான்.

"மாமா, ஸ்டீயரிங் வீலக் கழட்டி மாட்டுனீங்களா?"

அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "இல்லியே," என்றேன்.

பாவம், நம்பிவிட்டான். பெட்டிக்குள்தான் கோளாறு என்று அதை இறக்க ஆரம்பித்தான். ஒரு மணி நேரம். முழங்கைவரை எண்ணெய். அவன் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றக் கழற்ற எனக்கு வியர்த்தது.

கடைசியில், "நிறுத்துப்பா. நான்தான் கழட்டினேன்," என்றேன்.

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். அவள் அவனுக்குக் கை துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தாள். பெட்டியை ஏற்றியபின், வீலைப் பழைய குறியிலேயே மாட்டி, தண்டை நீட்டினான். அதுவரை உள்ளே பெட்டி கோணலாகவே நின்றிருந்ததாம்; இப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு சுற்றியது. அந்த வேலைக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கள் காலை என்னையும் ஏறச் சொன்னாள். குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிய கடிதம் டாஷ்போர்டின் மேல் கிடந்தது. மூன்றாவது கொண்டை ஊசி வலது பக்கம். ஒரே ஒடிப்பில் திரும்பினாள். வளைவு தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, "இறங்கிப் பாருங்க," என்றாள்.

வெளிப்புறத் தடுப்புச் சுவரில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. பக்கத்துக் கல்லில் நீலப் பெயின்ட், ஒரு முழ நீளத்துக்கு. எட்டிப் பார்த்தேன். கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "தப்பு என்னுதுதான்," என்றேன்.

அவள் கடிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கூடம் கோணலாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.