யாரும் அசையாதீங்க, ரூம் டோன்

இயக்குநரின் மூன்றாவது படத்திலிருந்து, அவருடைய படப்பிடிப்பில் பதிவான மௌனங்கள் பேச ஆரம்பித்தன. அந்த ஆண்டு வீட்டு வாடகையும் பால் விலையும் ஒரே மாதத்தில் ஏறியிருந்ததால், படக்குழுவில் யாரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அறையில் காட்சி எடுத்து முடித்ததும் ஒலிப்பதிவாளர், "யாரும் அசையாதீங்க, ரூம் டோன்" என்று குரல் கொடுப்பார். விளக்கைத் தூக்கியவர் தூக்கியபடியும் டீயைக் குடித்தவர் அதை விழுங்காமலும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். யாரும் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஓடும் குழாய்த் தண்ணீர், தூரத்து வண்டிகள், பத்துப் பேர் விடும் மூச்சு. அதைப் பிடித்துவைத்து, வெட்டி ஒட்டிய வசனங்களுக்கு அடியில் விரித்துவிட்டால் வெட்டிய தடம் காதுக்குத் தெரியாது. இந்த வேலையை இயக்குநரின் முதல் படத்திலிருந்தே செய்துவந்தவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மூன்றாவது படத்தின் எடிட்டிங் அறையில் இயக்குநர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டபோது, "இந்தம்மா எப்ப விடும், முதுகு விட்டுப்போச்சு" என்றது லைட்மேனின் குரல். லைட்மேன் அன்று வாயைத் திறக்கவே இல்லை. "இந்தப் பக்கத்துலேர்ந்து என் மூக்கு கேவலமா இருக்கும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே" என்றது கதாநாயகனின் குரல். இயக்குநர் சிரித்துவிட்டார். மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. அது அவருடைய கணவரின் குரல். மூன்று படங்களுக்கும் அவர்தான் கேமராக்காரர். "படத்த எடுக்கிறது நான். பேர் மட்டும் இவளுக்கு." அதில் கசப்பில்லை, பொறாமையில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி இருந்தது. அந்த நிதானத்தைத்தான் இயக்குநரால் தாங்க முடியவில்லை.

கேமராக்காரர் அதிகம் பேசாதவர். "இங்கேர்ந்து எடுக்கலாங்க" என்று இயக்குநர் சொன்னால் ஒரு வார்த்தை பேசாமல் கேமராவை நகர்த்துவார். அந்தப் பேசாமையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் செங்கல் செங்கலாகத் தன் தைரியத்தைக் கட்டியிருந்தார் இயக்குநர். அப்பா எழுதிவைத்த வீட்டை விற்று முதல் படத்தைத் தானே தயாரித்தது, படத்தை எப்படி முடிப்பது என்று இன்னொருவர் சொல்லக் கூடாது என்பதற்காக. சுவருக்கு வண்ணம் அடித்தார், கதாநாயகியின் கிழிந்த ரவிக்கையைத் தைத்தார், போஸ்டருக்குப் பசை காய்ச்சினார். பேட்டிக்கு வந்தவர்கள் மட்டும் கேமராக்காரர் பக்கம் திரும்பி, "மேடத்துக்கு நீங்க எவ்வளவு ஹெல்ப் பண்ணீங்க சார்?" என்று கேட்டார்கள். அவர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை அடக்கம் என்று நினைத்து, வீட்டுக்கு வரும் வழியில் இயக்குநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டுகூட நடந்திருக்கிறார். இப்போது ஒவ்வொரு தலையசைப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கணவரிடம் கேட்கவில்லை. கேட்டால் "ஆமா" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் ஒன்று. கேட்காதவரை கோபம் தன்னிடமே பத்திரமாக இருக்கும் என்பது இன்னொன்று. நான்கு ஆண்டுகள் அதே வீட்டில் சமைத்தார், சாப்பிட்டார், நான்காவது படத்தையும் எடுத்தார். அந்தப் படத்தின் ஒலிச் சேர்ப்பின்போதுதான் காதிடம் வாய்விட்டார்.

"உனக்கும் கேக்குதில்ல? எப்பலேர்ந்து?"

"போன படத்துலேர்ந்தே மேடம். அடுத்தவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

"எல்லார் குரலும் கேக்குது. என் குரல் மட்டும் ஏன் கேக்கல?"

காது கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "நீங்கதான் மேடம் அடியில. ஃபேன் சத்தம் மாதிரி ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கே, அது நீங்க. மத்தவங்க சத்தமெல்லாம் உங்க மேல ஏறித்தான் நிக்குது. வடிகட்டித் தரவா?"

வடிகட்டித் தந்தார். இயக்குநர் கேட்டார். 'ஒருவேளை அவர் சொல்றதுதான் சரியோ? ஒருவேளை நான் சும்மா பக்கத்துல நிக்கிறவதானோ?' ஒரு நிமிடம் முழுக்க அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் குரல். கணவர் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் அப்போது வந்தது. ஊரெல்லாம் தன்னைச் சந்தேகப்பட்டபோது, அந்தச் சந்தேகத்துக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்தது தானேதான் என்பது தெரிந்த கோபம். ஹெட்போனை விட்டெறிந்ததில் சுவரில் விழுந்த விரிசல் ஒரு வாரத்தில் கூரைவரைக்கும் போனது. ஸ்டூடியோக்காரர்கள் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார்கள்.

ஐந்தாவது படத்துக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. உயரமான ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டும் பெண்ணைப் பற்றிய கதை. படப்பிடிப்பின் மூன்றாம் மாதமே கேமராக்காரர் முதுகெலும்பு விலகிப் படுக்கையில் விழுந்தார். மீதி முழுவதும் லிஃப்டுக்குள் கேமராவைத் தோளில் தூக்கி நின்று படம் பிடித்தவர் இயக்குநர்தான். படம் முடிந்த நாளில் அவருடைய வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது, பிறகு அது நிமிரவே இல்லை.

படத்தை வாங்க ஒரே ஒரு விநியோகஸ்தர் முன்வந்தார். குளிரூட்டிய அறை, மேசையில் கண்ணாடிக் கிண்ணம் நிறைய மிட்டாய். "தப்பா எடுத்துக்காத தங்கச்சி. படம் பிரமாதம். ஆனா பொம்பள எடுத்த படம்னு போட்டா தியேட்டர்காரன் காலைக் காட்சிக்குத் தள்ளிடுவான். இயக்கம்னு மாப்பிள்ள பேரப் போட்டுருவோம். வீட்டுக்குள்ளதான இருக்கப்போகுது, பேரு எங்க ஓடிடும்?"

இயக்குநர், இடுப்புப் பட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். கேமராக்காரர் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று இயக்குநர் காத்திருந்தார். அவரோ மிட்டாய்க் காகிதத்தை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். அப்போது இயக்குநர், கருவிப் பையோடு கதவோரம் நின்ற காதின் பக்கம் திரும்பினார்.

"ரூம் டோன் எடு."

"இங்கயா மேடம்?"

"இங்கதான்."

காது மைக்கை நீட்டினார். "யாரும் அசையாதீங்க, ரூம் டோன்."

விநியோகஸ்தர் முப்பது வருடம் சினிமாவில் ஊறியவர். எதற்கு, ஏன் என்று யோசிப்பதற்கு முன்பே அவர் கை பேனாவோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. கேமராக்காரர் கன்னத்தில் மிட்டாயோடு உறைந்தார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தீப்பிடித்தாலும் அந்தச் சொல்லுக்கு ஒரு நிமிடம் நிற்பார்கள். நிமிடம் முடிந்ததும் இயக்குநர் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை: இயக்கம் என்று வரும் அந்தப் பெயர், திரையில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். "புருஷன் மேல எம்மாம் மரியாதை பாத்தியா" என்று விநியோகஸ்தர் நெகிழ்ந்துபோனார்.

முதல் நாள் முதல் காட்சி. கேமராக்காரரின் பெயர் திரையில் வந்து நின்றது. அதன் அடியில் காது விரித்திருந்த அந்தக் குளிரூட்டிய அறையின் மௌனத்திலிருந்து விநியோகஸ்தரின் குரல், "இந்தம்மா எடுத்ததுதான், எனக்குத் தெரியாதா? ஒரு பொம்பளைக்கு இது எப்படி வருது?" என்றது. கேமராக்காரரின் குரல், "வேணாம்னு சொல்லிடுடி, நீயே சொல்லிடு, நான் சொன்னா என்கிட்ட ஒண்ணுமே மிஞ்சாது" என்று கெஞ்சியது. பிறகு இரண்டையும் மூடிக்கொண்டு மூன்றாவது குரல் எழுந்தது. "என் படம். என் தோளு. என் படம்." அதில் இப்போது 'ஒருவேளை'யும் இல்லை, சந்தேகமும் இல்லை. நாற்காலிகளின் கைப்பிடிகள் அதிர்ந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நாலு வரிசை பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேமராக்காரர், "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

மறுநாள் கேமராக்காரர் தன் சாமான்களை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார்.

தியேட்டர்களில் அந்த ஒரு நிமிடம் மட்டும் ஒலியைக் குறைத்தார்கள், குரல் குறையவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்கள், அப்போதும் கேட்டது. இரண்டாவது வாரம் விநியோகஸ்தர் தோற்றுப்போய்ப் பெயரை மாற்றினார். இயக்கம், தயாரிப்பு, இரண்டிலும் இயக்குநரின் பெயர் வந்தது. ஆண்குரல்கள் இரண்டும் அன்றோடு அடங்கின. மூன்றாவது குரல் அடங்கவில்லை. விநியோகஸ்தர் மூச்சிரைக்க வீட்டுக்கே வந்தார்.

"அதான் பேரப் போட்டாச்சே தங்கச்சி! இன்னும் என்னதான் வேணும்?"

"நான் பத்து வருஷம் கேட்டேன் சார். நீங்க ஒரு நிமிஷம் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இயக்குநர் கதவைச் சாத்தினார். அடுத்த படத்துக்கான வேலை மேசையில் கிடந்தது.

படம் காலைக் காட்சிக்குத் தள்ளப்படவில்லை. போன இடமெல்லாம் நான்கு காட்சியும் ஓடியது. டிக்கெட் கொடுக்கிற பெண், கம்பிக்குள்ளிருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் சொன்னாள்: "படம் ரெண்டு மணி பத்து நிமிஷம். அதுல மேடம் கோபம் ஒரு நிமிஷம். எத்தன டிக்கெட்?" ஜனங்கள் தலையை எண்ணிச் சொல்லி, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, பெயர் போடுவதற்குள் உள்ளே போக வேண்டுமே என்று வேகமாக நடந்தார்கள்.