பார்க்க ஆள் வேண்டாத பூக்கள்

நட்ட பதினோராம் நாள், லிஃப்ட் மெக்கானிக் வீட்டு வாசல் பாத்தியிலிருந்த டேபிள் ரோஸும் நித்தியகல்யாணியும் சூரியனை விட்டுவிட்டு அவர் இருக்கும் பக்கம் திரும்பிக்கொண்டன. அவர் குளியலறையில் இருந்தால் குளியலறைப் பக்கம், மாடிக்குப் போனால் மாடிப் பக்கம். இடையில் இருந்த சுவரை அவை பொருட்படுத்தவில்லை. தெரு இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது. அதன்பின் தபால்காரர் பூக்களைப் பார்த்துவிட்டே மணி அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார்.

மெக்கானிக்கின் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். பூக்கள் திரும்பியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் ஏன் இந்தப் பூக்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் அரித்தது. அந்தப் பாத்தியில் வருடக்கணக்காக ரோஜா இருந்தது. இலை இலையாகத் திருப்பிப் பூச்சி பார்ப்பார். வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் பூத்தால் முகம் சுளிப்பார். அப்படிப்பட்டவர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். நர்சரியில் போய், நாள் முழுக்க வெயில் அடிக்கும் இடத்தில், யாரும் கவனிக்காவிட்டாலும் வளரும் செடி வேண்டும் என்றார். என்ன நிறம் என்று கேட்டதற்கு, எதுவானாலும் சரி என்றார்.

"ஏம்மா, கவனிப்பு வேணாத செடின்னா என்ன அர்த்தம்?" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "கவனிப்பு வேற எங்கியோ போகுதுன்னு அர்த்தம்."

எல்லாம் பொருந்தி வந்தது. தினமும் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புபவர், இப்போது ஊசியை நீட்டினால் "நேரமாச்சு" என்று நழுவினார். அவள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் வேலை பார்க்கும் இடம் கிழக்கே. ஒரு வியாழக்கிழமை, அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பூக்கள் அத்தனையும் மேற்கே பார்த்தன. அவள் ஒரு செடியை வேரோடு பிடுங்கி டம்ளரில் வைத்துக்கொண்டு அது பார்த்த பக்கம் நடந்தாள். திரும்ப வேண்டிய முனைகளில் அது திரும்பியது. பஸ்ஸில் கண்டக்டர் செடிக்கும் சேர்த்து இடம் ஒதுக்கிக் கொடுத்தார். வழி நெடுக அவள் ஒரே கேள்வியைத் தீட்டிக்கொண்டே போனாள்: "யாரு அவ?"

செடி அவளை ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குக் கொண்டு போனது. அங்கே பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் பெரிதில் தொடங்கிச் சிறிதாகிக்கொண்டே போகும் எழுத்துகள் தொங்கின. அவள் நேர் எதிரே போய் நின்றாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தார்.

"சிஸ்டர், என் நம்பர் கூப்பிட்டாச்சா?"

அவள் டம்ளரோடு அவர் பக்கம் குனிந்தாள்.

"நான்தாங்க."

அவர் கையை நீட்டித் தடவினார். டம்ளர் பட்டது, பிறகு இலை.

"நல்லா வந்ததை ஏன் பிடுங்கின?"

"இது உங்களையேதான் பாத்துக்கிட்டிருக்கு."

"பாக்கட்டும்," என்றார். பிறகு சொன்னார்: "எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. ரோஜான்னா பூச்சி பாக்கணும், பாத்து வெட்டணும். இது நான் பாக்காட்டியும் பூக்கும்."