மண்டியிடாதவள்

பெற்றோர் வரும் ஞாயிறு என்றால் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடம் கல்யாண வீடுதான். எனக்கு மட்டும் தலைநகர் கம்பாலாவில் பஸ் ஏறியதிலிருந்தே மடியிலிருந்த சாப்பாட்டுக் கூடையை ஒரு நொடிகூடக் கீழே வைக்க முடியவில்லை. மஸ்கட்டில் ஊரார் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டி, ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிறேன். என் மகள் நபுகீராவைச் சின்னப் பிள்ளையாகத் தங்கையிடம் விட்டுப் போனேன். புதன்கிழமை திரும்ப விமானம். அதற்குள் அவள் என்னை ஒரு தடவை வாய் நிறைய அம்மா என்று கூப்பிட்டாக வேண்டும்.

ஆலயத்தில் ஆயர் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போனார். மனுஷனுக்கு என்ன, அவர் பிள்ளை அவர் வீட்டில் இருக்கும். நான் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து பெண்களின் முகங்களைத் துழாவினேன். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. தங்கை அனுப்பிய படத்தில் என் மகளுக்குப் பொடிப் பொடியாகப் பின்னல். அது விடுமுறையில் எடுத்த படம். பள்ளிக்கூடம் திறந்தால் கத்திரி வந்துவிடும்.

ஆராதனை முடிந்ததும் விடுதி அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "கடல் தாண்டிப் போய் நல்லபடியா வந்துட்டியே, சந்தோஷம்! இங்கேயே நில்லு, உன் பொண்ணை அனுப்பறேன்."

கூடையோடு பலா மரத்தடியில் நின்றேன். நின்றேன் என்று சொல்வதுகூடத் தப்பு, கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. ஒல்லியாக ஒருத்தி நேராக என்னிடம் வந்து புல்லில் மண்டியிட்டாள்.

"வாங்கம்மா, சுகமா இருக்கீங்களா?"

அவ்வளவுதான். அவளைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "என் ராசாத்தி, எப்படி வளந்துட்டே!" அவளும் என்னை இறுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதோரம் சொன்னாள்:

"அம்மா, நான் தொரீன். உக்காரப் பாய் வேணுமான்னு கேக்க வந்தேன். உங்க பொண்ணு அதோ நிக்கிறா."

எங்கள் ஊர்ப் பெண் எந்தப் பெரியவளைக் கண்டாலும் மண்டி போடுவாள். அதை நானே மறந்துபோனேனே! ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அந்தப் பக்கம் என் நபுகீரா, என் மூக்கும் என் நெற்றியுமாக, ஆணி அடித்தாற்போல் நின்றாள். பிறகு மெதுவாக வந்து அவளும் மண்டியிட்டாள்.

"வாங்க. பயணம் சௌகரியமா இருந்துச்சா?"

பெற்றவளுக்கு 'வாங்க'வாம்!

பாய் விரித்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவித்த கோழியும் மசித்த வாழைக்காயும். தொரீனுக்கு ஆள் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்ததால் அவளையும் உட்கார வைத்தேன். அவள் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டாள். என் மகள் கொறித்தாள்.

"கோழி நல்லா இருக்கா, கண்ணு?"

"நல்லா இருக்குங்க."

"நீ பெரிய வாயாடின்னு சித்தி சொன்னாளே."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"பொய்ம்மா!" என்று தொரீன் சிரித்தாள். "வகுப்புல இவ வாய மூட டீச்சராலயே முடியாது."

நபுகீரா அவளை எரிப்பதுபோல் பார்த்தாள். எனக்கோ உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு 'ங்க'வும் ஊசியாகக் குத்தியது. அவள் என்னை வெறுத்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். இந்த மரியாதையை என்ன செய்வது?

பெற்றோர் கிளம்பும் மணி அடித்துவிட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து என்னைக் கொண்டுவந்த மோட்டார் சைக்கிள்காரன் வாசலில் காத்திருந்தான். நபுகீரா கூடையைச் சுமந்து வாசல்வரை வந்தாள்.

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்று முழங்காலை மடக்கினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போதும்டி! மண்டி போட்டே என்னைக் கொல்லாதே. கோபம்னா திட்டு. ரெண்டு அடிகூட அடி."

கூடை கீழே விழுந்தது.

"திட்டாம? இத்தனை வருஷம் கழிச்சு வந்து எவளோ ஒருத்தியைக் கட்டிக்கிட்டு அழுவியா? மண்டி போட்டவ எல்லாம் உன் பொண்ணா?"

"நீ சும்மா நின்னியேடி..."

"சும்மாவா நின்னேன்? எல்லாருக்கும் மண்டி போடுறேன், எங்க அம்மாவுக்கு மட்டும் போடமாட்டேன், ஓடிப் போய் மேல விழுவேன்னு தொரீன்கிட்டகூடச் சொல்லி வெச்சிருந்தேன். ஓடத்தான் ஆரம்பிச்சேன். அதுக்குள்ள நீ..." என் கையை உதறினாள். "உனக்கு அறிவே இல்லையாம்மா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த ஆறு வருஷத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

"சிரிக்காதே! எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்கே போனே? என் முதல் பரிசு நாளுக்கு எங்கே போனே?"

"கேளு, இன்னும் கேளு."

"அக்கா, மழை வருது, ஏறுங்க" என்றான் வண்டிக்காரன்.

"நீ போப்பா" என்றேன். "என் பொண்ணு இன்னும் திட்டி முடிக்கலை."