செவ்வாய்க்கிழமை நிரப்புதல்

எவாரிஸ்த் கார்தெய்யாக்குக்கு மூக்கு செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜனவரியில் வந்த காய்ச்சல் நாலே நாளில் விட்டது. போகும்போது வாசனையையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. காப்பி வெந்நீராகிவிட்டது. பூண்டு போட்டு வதக்கிய காளான் வாயில் சக்கையாகக் கிடந்தது. பிரான்சின் மெதோக்கில் எட்டுத் தலைமுறையாக ஒயின் செய்கிற குடும்பத்தின் பெரியவர் இதை யாரிடம் போய்ச் சொல்வார்? சொல்லவில்லை. திரும்பி வந்துவிடும் என்று காத்திருந்தார்.

வேறு வருஷமாக இருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. இந்தமுறை பீப்பாயில் இருந்தது அவர் மகன் திபோ முன்னின்று பறித்த திராட்சை. இருபது வருஷத்துக்கு ஒருமுறை வாய்க்கிற விளைச்சல். ஐம்பது வருஷம் தாங்குகிற ஒயின். அது பீப்பாயில் இறங்கிய அடுத்த மாதம், கொடி வெட்டும் நாளில், வடிகால் கரையில் டிராக்டர் கவிழ்ந்து திபோ செத்துப்போனான். மார்ச்சில் அவன் மகள் பிறந்தாள். அந்தக் குழந்தைக்கு அப்பன் கையால் மிச்சமிருந்தது அறுபது பீப்பாய் ஒயின்தான். அவளுக்கு முப்பது வயதாகும்போது திறக்கட்டும் என்று பெரியவர் உயிரைக் கொடுத்துக் காத்தார். காத்த லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

புது ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீப்பாயின் மரம் குடித்துவிடும். குறைந்த இடத்தில் காற்று புகுந்தால் ஒயின் கெட்டுப்போகும். அதனால் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை, தனியாக வைத்திருக்கும் சிறு பீப்பாயிலிருந்து எடுத்து எல்லாவற்றையும் வாய்வரை நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு முன் அந்தச் சிறு பீப்பாயை முகர்ந்து பார்க்க வேண்டும்; அது கெட்டிருந்தால் ஊற்றுகிற எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பெரியவர் ஒரு வாரம்கூடத் தவறாமல் முகர்ந்தார். கிண்ணத்தில் ஊற்றுவார், சுழற்றுவார், மூக்கருகே கொண்டுபோவார், திருப்தியாகத் தலையாட்டுவார். அந்த நிலவறையில் அவரைத் தவிர ஆள் கிடையாது. யாருக்காக அந்த நாடகம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நாக்கில் புளிப்பும் கசப்பும் தட்டும். இளம் ஒயின் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

மருமகள் சொலேன் ஒயின் சோதனைச்சாலையில் வேலை பார்த்தவள். நானும் வருகிறேனே என்று மூன்று முறை கேட்டாள். ஆற்றுக்கு அக்கரையில், பிளாயில் பிறந்தவள் என்பதைச் சாக்காக வைத்து அவர் தட்டிக்கழித்தார்.

"அக்கரை மூக்குக்கு இங்க வேலை இல்லம்மா. நீ பிள்ளையைப் பாரு."

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தவள் திறந்திருந்த நிலவறைக் கதவருகே நின்றுவிட்டாள்.

"மாமா, உள்ள வினிகர் வாடை அடிக்குது."

அவர் வாசலுக்கு வந்தார். பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். முதலில் சிறு பீப்பாயைத் திறந்தாள்; சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு பெரிய பீப்பாயாகத் திறந்து, எடுத்து, முகர்ந்து, சாக்கட்டியால் குறுக்குக்கோடு போட்டுக்கொண்டே போனாள். பெரியவர் பேத்தியை அணைத்தபடி பின்னாலேயே நடந்தார். ஒன்றாவது தப்பாதா என்று ஏங்கினார். அறுபதிலும் கோடு விழுந்தது. குறைவில்லாமல் நிரப்பியிருந்தாரே, ஒன்றைக்கூட விடாமல்.

"எப்போலேர்ந்து வாசனை தெரியல?"

"ஜனவரி."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அழக்கூட இல்லை. வீட்டுக்குள் போய், குளிர்பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துவந்தாள். மேலே திபோவின் கையெழுத்து.

"சோதனைக்கு அனுப்பணும்னு நவம்பர்ல எடுத்து வச்சான். கொடுக்க எனக்கு மனசு வரல."

"பிள்ளைக்கு வையி."

"தாங்காது. பதமாகாத ஒயின், அடுத்த வருஷம்கூட நிக்காது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். சமையலறை மேசையில் இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். ஒன்றை எடுத்தாள். முகர்ந்தாள், அப்போதுதான் அழுதாள். மற்றதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பழக்கதோஷத்தில் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய், வெட்கத்தோடு கீழே இறக்கினார்.

"எப்படி இருக்கு? சொல்லும்மா."

"பென்சில் சீவின வாசனை. ஈர மண்ணு. கருப்புப் பழம்…" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா செஞ்சிருக்கான் மாமா."

அவர் வாய் நிறையக் குடித்தார். நாக்கில் புளிப்பும் கசப்பும் தட்டின. நிலவறையில் கெட்டுக் கிடக்கும் அறுபது பீப்பாய்க்கும் இதற்கும் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை.